தனியாக ஆடுவதும் கல்வியே

காஞ்சிபுரத்தில் மரபு முறையில் கோர்வைப் பட்டுச் சேலை நெய்ய இருவர் வேண்டும். உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடுவதால், நெசவாளரின் பக்கத்தில் உதவியாள் ஒருவர் அமர்ந்திருப்பார். ஒருவர் காணாத பிழையை மற்றவர் கண்டு சொல்லலாம். தனியாக ஆடும் ஆட்டத்திலோ பிழையைச் சொல்ல எவரும் இல்லை. அதனாலேயே அது மாணவர்களுக்கு மிக நல்ல பயிற்சி என்பது என் கருத்து.

நம் வீடுகளில் அத்தகைய ஆட்டம் ஒன்று உண்டு. பல்லாங்குழியில் ஒருவரே ஆடும் ஆட்டத்திற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியது என்பது மக்கள் வழக்கு. பல்லாங்குழி இல்லாவிடினும் ஒரு சோதனை செய்யலாம். தரையில் ஏழு கட்டங்களை வளையமாக வரைந்து, வரிசையாக 7, 6, 5, 4, 3, 2, 1 எனப் புளியங்கொட்டைகளை இடுங்கள். ஏழு உள்ள கட்டத்தை அள்ளி, அடுத்த கட்டம் முதல் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கடைசிக் கொட்டை அள்ளிய கட்டத்திலேயே விழும். இப்போது எண்ணுங்கள்: 1, 7, 6, 5, 4, 3, 2. பழைய வரிசையே ஓர் இடம் நகர்ந்திருக்கிறது! எத்தனை முறை ஆடினால் முதல் வரிசை திரும்பும்? எட்டுக் கட்டங்களில் 8 முதல் 1 வரை இட்டால் என்ன ஆகும்? நீங்களே ஆடிக் கண்டுபிடியுங்கள்.

சீட்டுக்கட்டு என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பணம் வைத்து ஆடிக் குடும்பங்கள் கெட்டதைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. ஆனால் ஒருவரே ஆடும் சாலிடேர் ஆட்டத்தில் பந்தயம் கட்ட எதிராளி இல்லை. 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர், நோயிலிருந்து தேறிவந்த நாள்களில் இதை ஆடினார். ஆட்டம் வெற்றியாக முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார். 52 சீட்டுகளை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது! கணக்கு கைக்கு அடங்கவில்லை. நூறு முறை ஆடி, வென்றவற்றை எண்ணினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஜான் வான் நாய்மனுடன் சேர்ந்து வளர்த்த அந்த எண்ணமே மான்டி கார்லோ முறை. நியூட்ரான்களின் போக்கைக் கணிப்பொறியில் ஆராய உதவிய இம்முறை, இன்று இயற்பியல் முதல் பொருளாதாரம் வரை பயன்படுகிறது.

தோற்கும் நேரத்தில் கவிழ்ந்த சீட்டு ஒன்றை எட்டிப் பார்த்தால் யார் கேட்பார்? ஒருவரும் கேட்கமாட்டார். ஆனால் நூறு ஆட்டத்தின் கணக்கும் பொய்யாகிவிடும். செய்முறை வகுப்பில், புத்தகத்தில் உள்ள விடை வருவதற்காக அளவீட்டைத் திருத்தி எழுதும் மாணவர் செய்வதும் இதுவேயன்றோ?

கைபேசியில் ஆடினால் இயந்திரமே விதியைக் காத்துவிடும். நமக்கு அந்தப் பயிற்சி கிட்டாது. ஆகவே கையால் ஆடுங்கள். படிப்பு முடிந்தபின் நாளுக்கு இரண்டு ஆட்டம் போதும். வெற்றியைப் போலவே தோல்வியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். எவரும் பார்க்காதபோதும் உள்ளதை உள்ளபடி எழுதப் பழகிய கைதான் நாளை நல்ல ஆய்வு செய்யும்.