சிறுதானிய விவசாயியா, சிறு தானிய விவசாயியா?

ஆங்கிலத்துல ஹைஃபன் போடுறதெல்லாம் வேலையத்தவன் வேலைன்னு நினைக்கிற பொட்டி தட்டும் மக்களுக்குத்தான் முதல்ல இந்தப் பதிவு. தமிழ்ல எழுதுற நமக்கும் இதுல பங்கு இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

ஆபீஸ்ல ஒரு படிவம் பண்ணிட்டு இருந்தோம். மேல இருந்து வந்த குறிப்புல 'ஸ்மால் மில்லட் ஃபார்மர்ஸ்'னு மூணு வார்த்தை. நடுவுல ஒரு கோடும் கிடையாது. ஜவ்வாது மலை மாதிரி ஊருக்கு இது சின்ன விஷயமே இல்லைங்க. அங்க மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமா சாமை போடுறாங்க. சாமை, தினை, வரகு வகையறாவுக்கு ஆங்கிலத்துல 'ஸ்மால் மில்லட்ஸ்'னு பேரு. அரசாங்கக் கணக்குலயோ 'ஸ்மால் ஃபார்மர்'னா ஒண்ணுலேர்ந்து ரெண்டு ஹெக்டேர் வரைக்கும் நிலம் வச்சிருக்கிறவர். அதுக்கும் கீழன்னா குறு விவசாயி.

இப்ப சொல்லுங்க, ஜமுனாமரத்தூர் பக்கம் ஆறு ஏக்கர்ல சாமை போட்டவர் இந்தப் பட்டியல்ல வருவாரா? 'ஸ்மால்-மில்லட் ஃபார்மர்'னா வருவார். 'ஸ்மால் மில்லட்-ஃபார்மர்'னா மாட்டார், ரெண்டு ஹெக்டேர்ங்கிறது அஞ்சு ஏக்கர் கூட முழுசா இல்லை. மலைக்குக் கீழ நாலு ஏக்கர்ல கம்பு போட்டவருக்கு நேர் எதிரா நடக்கும். ஒரு கோடு இடம் மாறினா ஆளே மாறிடுறார்.

கேட்டா, "படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க பாஸ்"னு பதில். படிக்கப் போறது டேட்டாபேஸ் ஆச்சே! :-)

விதி ரொம்ப எளிசு. ரெண்டு வார்த்தை சேர்ந்து ஒரே பெயரடையா பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி நின்னா ஹைஃபன். பின்னாடி வந்தா பொதுவா வேண்டாம். அதே மலையில காவலூர் வானாய்வகத்துல 1972-ல நிறுவினது 'ஒன்-மீட்டர் டெலஸ்கோப்'. கண்ணாடியோட விட்டம் 'ஒன் மீட்டர்'னு தனியா சொன்னா கோடு கிடையாது. எண்ணும் 'எம்'ங்கிற குறியீடுமா எழுதினா அளவியல்காரங்க இடைவெளி மட்டும்தான் விடச் சொல்றாங்க. 'லி'ன்னு முடியுற வினையடைக்குப் பின்னாடியும் போடக் கூடாது. அதுக்காக 'ஹை ஸ்கூல் ஸ்டூடன்ட்'டுக்கு நடுவுலயும் கோடு இழுக்கிற அதிமேதாவிகள் இருக்காங்க. அங்க யாரும் குழம்ப மாட்டாங்க, விட்டுடலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். நமக்கு ஹைஃபன் பழக்கம் இல்லை, சேர்த்து எழுதுறதுதான் நம்ம ஹைஃபன். 'சிறுதானிய விவசாயி'ன்னா சாமை போடுறவர். 'சிறு தானிய விவசாயி'ன்னு பிரிச்சா திரும்பவும் அதே குழப்பம். எண்ணுப் பெயர்ல தமிழ் இன்னும் ஒரு படி மேல. 'மூன்று சக்கர வண்டிகள்'னா வண்டி மூணா, சக்கரம் மூணா? இலங்கைத் தமிழர்கள் சொல்ற மாதிரி 'முச்சக்கர வண்டிகள்'னு எழுதிப் பாருங்க, சந்தேகமே வராது. மூன்று 'மு'வாச் சுருங்கி அடுத்த சொல்லோட ஒட்டிக்கிச்சு, அதை இனி வண்டியோட சேர்க்க முடியாது. பேசும்போது மூச்சு விடுற இடத்துல புரிஞ்சிடும். எழுத்துல அந்த மூச்சுதான் இடைவெளி.

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் எல்லாத்தையும் பிரிச்சுப் பிரிச்சுத் தட்டுறாங்க. படிக்க லேசா இருக்குன்னு காரணம். மத்த இடத்துல எப்படி வேணாலும் பிரிங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்த மாதிரி அடைமொழியை மட்டும் ஒட்டி வைங்க சாமி. ஒட்டினாலும் சரியா வரலைன்னா வாக்கியத்தையே மாத்துங்க: 'தானியம் பயிரிடும் சிறு விவசாயி'. அடையைத் தூக்கி அதுக்கு உரிய பெயர் பக்கத்துலயே வச்சாச்சு. ஆங்கிலத்துலயும் 'ஃபார்மர்ஸ் ஆஃப் ஸ்மால் மில்லட்ஸ்'னு எழுதினா கோட்டுக்கு வேலையே இல்லை.

நான் அந்தப் படிவத்துக்கு ரெண்டு வாசகத்தையும் தனித்தனியா எழுதி, 'இதுல எது?'ன்னு கேட்டு அனுப்பினேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்துது, பயிர்தானாம், நிலத்தோட அளவு இல்லையாம். ஏக்கர் சரிபார்க்கிற கோடை அன்னிக்கே தூக்கிட்டேன்.