இல்லமும் உள்ளமும்: முதுமைக்கு வீடு தேடுவோர்க்கு

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஆசிரியப் பணியினின்று ஓய்வுபெற்ற ஒருவரும் அவர்தம் துணைவியாரும் சில மாதங்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தனர். அவருக்கு அகவை 71, அம்மையாருக்கு 67. மகன் கனடாவில், மகள் துபாயில். மூன்று ஏக்கர் நஞ்சையும், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடும் இவர்கட்கு உண்டு. கோயில் மணியோசை கேட்கும் தொலைவிலேயே வீடு. பிள்ளைகள் இருவரும் தமக்குள் கலந்து பேசி, கோயம்புத்தூர்ப் பக்கம் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் பெற்றோருக்கென வீடு பார்த்து முன்பணமும் கட்டிவிட்டனர். புல்வெளி, நூலகம், யோகாசனக் கூடம், மருத்துவர் அறை என்று கைப்பேசியில் படங்கள் வந்து குவிந்தன.

“எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள், ஐயா. நீங்கள் போகிறீர்களா என்று எங்களை மட்டும் கேட்கவில்லை” என்றார் அம்மையார். சொல்லும்போது அவர் சிரித்தார், கணவர் சிரிக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்றே கூடுதல். 2021-க்கென அரசு மதிப்பிட்ட கணக்கில் அது 13.6 ஆக உயர்ந்தது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நம் பங்குகளிலோ இதைக் கணக்கெடுத்துப் பார்க்கவேண்டியதில்லை. ஞாயிறு காலைத் திருப்பலியில் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒருமுறை நோக்கினாலே போதும். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் கடல்கடந்தும் இருக்க, வீட்டைக் காத்து நிற்பவர் முதியோரே.

இத்தகைய குடியிருப்புகள் நம் மண்ணில் முளைத்தவை அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெல் வெப் என்னும் கட்டட முதலாளி, 1960 ஜனவரி முதல் நாளன்று ‘சன் சிட்டி’ என்ற ஊரைத் திறந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகள் குடியிருக்க இடமில்லாத ஊர் அது. ஓய்வு பெற்றவர்கள் பந்தாடியும் நீந்தியும் காலங்கழிக்கலாம் என்று அழைத்ததைக் கேட்டு, முதல் வார இறுதியிலேயே சுமார் ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தனராம். நம் மாநிலத்தில் இம்முறை பெரிதும் வேரூன்றிய இடம் கோயம்புத்தூர். பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் காற்றும், நல்ல மருத்துவமனைகளும் அதற்குக் காரணங்கள். ஓய்வுபெற்ற படையதிகாரியான கர்னல் ஸ்ரீதரன் நிறுவிய கோவை பிராப்பர்ட்டி சென்டர் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று.

இவற்றையும் முதியோர் இல்லங்களையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். ‘பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான்’ என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஆதரவற்ற ஏழை முதியோரைக் கன்னியர் பேணும் இல்லங்களின் வரலாறு வேறு. 1839-இல் பிரான்சு நாட்டின் சான் செர்வான் ஊரில் ழான் ழூகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்த முதியவள் ஒருத்தியைத் தம் வீட்டுக்குக் கொணர்ந்து தம் கட்டிலையே கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்தது அவ்வாறே. 2009-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவ்வில்லங்கள் கேட்பது முதியவரின் தேவையை. நாம் இப்போது பேசும் குடியிருப்புகளோ பணம் பெற்றுக்கொண்டு வசதி அளிப்பவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை; ஆனால் பணம் கொடுத்து வாங்கும் எதையும் போலவே இதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

நிற்க. நம் ஆசிரியருக்கு மறுப்பு இருந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் கல்லணை தாண்டித் தண்ணீர் தம் வாய்க்காலுக்கு எந்நாள் வரும் என்று விரல்விட்டு எண்ணும் மனிதர் அவர். அம்மையாருக்கோ, முழங்கால் வலியோடு நாற்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றது போதும் என்ற எண்ணம். முடிவாக விலை கொடுக்குமுன் ஒரு மாதம் தங்கிப் பார்த்து வருவதென இருவரும் உடன்பட்டனர். மயிலாடுதுறையிலிருந்து தஞ்சை வழியே செல்லும் ஜனசதாப்தி இரயிலில் ஏறினர்.

போகமாட்டேன் என்றவருக்கு ஒரே வாரத்தில் சதுரங்கம் ஆட ஓய்வுபெற்ற இரயில்வே கார்டு ஒருவர் கிடைத்தார். காலை நடை, செய்தித்தாள், அரசியல் பேச்சு என அவர் பொழுது கழிந்தது. அம்மையாரின் முழங்காலுக்கும் ஓய்வு கிடைத்தது. ஒரு குறை: சமையற்கூடத்தில் சைவம் மட்டுமே. ஒப்பந்தத்தில் அறைக்குள் மீன் சமைக்கவும் தடை. கோவைப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டு. விராலும் கெண்டையும் உண்டு வளர்ந்த டெல்டாக்காரர்கள் இதைச் சிறு செய்தியென்று எண்ணிவிட வேண்டாம். தவக்காலம் நாற்பது நாளோடு முடியும், இது முடியாது.

இருபதாம் நாள் அடுத்த வீட்டு மூதாட்டிக்குப் பக்கவாதம் கண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்புமுன்னரே அலுவலகத்தார் அவருடைய பிள்ளைகட்கு எழுதிவிட்டனர்: இனி அவரை இங்கு வைத்துப் பேண இயலாது, சொந்தச் செலவில் இரவும் பகலும் ஆள் வைத்துக்கொள்ளலாம், அல்லது வேறிடம் கொண்டுசெல்லலாம். அம்மையார் பதைத்துப்போய் விசாரித்தார். “இது நடமாடுபவர்களுக்கான இடம், அம்மா” என்று மரியாதையாகவே விடை வந்தது. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் அது அச்சிட்டும் இருந்தது. கனடாவிலும் துபாயிலும் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. தம்பதியர் ஊர் திரும்பினர். முன்பணத்தில் ஒரு பகுதி பிடித்தம் போகவே கைக்கு வந்தது.

நம் கருத்தில், வீடு தேடுவோர் முதலில் கேட்கவேண்டியது இந்த ஒன்றைத்தான்: நடக்க இயலாத நாளில் எம்மை என்ன செய்வீர்கள்? நினைவு தடுமாறினால்? ஒருவர் இறந்து மற்றவர் தனித்தால்? நீச்சற்குளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். படுக்கையில் விழுந்தோரைப் பேணும் தனிப்பகுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா, அதில் எத்தனை கட்டில், இரவில் செவிலியர் எத்தனை பேர், நாளொன்றுக்குக் கட்டணம் என்ன என்பவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் அலுவலர் மாறும்போது மாறிவிடும்.

அடுத்தது உரிமை. சில இடங்களில் வீட்டைக் கிரயம் செய்து பத்திரம் பதிவர். சிலவற்றில் வைப்புத்தொகை கட்டி வாழ்நாள் வரை குடியிருக்கலாம். சிலவற்றில் மாத வாடகை. கிரயம் என்றால், பின்னாளில் அதைப் பெறும் இளவயது மகன் அங்குக் குடியிருக்க முடியுமா, விற்கத்தான் முடியுமா? வைப்புத்தொகை என்றால், அது எத்தனை மாதத்தில், எவ்வளவு கழித்துத் திரும்பும்? பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும்? ஓய்வூதியம் அந்த வேகத்தில் உயர்வதில்லை. 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கென மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுபவர், பராமரிப்பவர், வாங்குபவர் ஆகிய மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது அதன் முக்கியக் கருத்து. மாதிரி நெறிதான், ஆயினும் அதைச் சுட்டிக் கேட்பதற்குத் தடையில்லை. கட்டியவர் விலகிப்போய்ப் பராமரிப்பு கைமாறும்போதுதான் தொல்லைகள் தலைதூக்குகின்றன.

ஊரில் உள்ளதை விற்றுவிட்டுப் போகலாமா என்று ஆசிரியர் கேட்டார். ஓராண்டாவது அங்கு வாழ்ந்து பார்க்குமுன் விற்கவேண்டாம் என்றோம். பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைப்பதாயின், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை அறிந்திருத்தல் நலம். பேணிக் காப்பாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு மீட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது பாதுகாப்பு. ‘என் பிள்ளைமீது நம்பிக்கை இல்லையா’ என்று பத்திரம் எழுதுமிடத்தில் வெட்கப்பட்டு அந்த வரியை விட்டுவிடுகிறோம். நம்பிக்கையுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் என்ன குறைந்துவிடும்?

அம்மையாரை உறுத்திய வேறொன்றும் இருந்தது. அதை அவர் கணவர் எழுந்து வெளியே சென்றபின்னரே கேட்டார். “அங்கே செத்தால் எங்களை எங்கே புதைப்பார்கள்?” அவர் பெற்றோரும், மூன்று வயதில் இறந்த தலைமகனும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர்.

இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் விடை உண்டு. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஒரு பங்கின் எல்லைக்குள் குடியேறுபவர் அப்பங்கைச் சேர்ந்தவர் ஆகிறார். அந்த எண்ணம் இன்றியே ஐந்தாண்டு வாழ்ந்துவிட்டாலும் அவ்வாறே. ஆயினும் தம் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்துகொள்ள, சட்டம் தடுத்தாலன்றி, எவருக்கும் உரிமையுண்டு என்று 1180-ஆம் எண் கூறுகிறது. அடக்கத் திருப்பலிக்கு வேறொரு கோயிலைத் தேர்வதற்கும், அதன் பொறுப்பாளரின் இசைவோடு, இடமுண்டு. ஆகவே விருப்பத்தை இப்போதே எழுதி ஊர்ப் பங்குத்தந்தையிடம் ஒரு படியும், பிள்ளைகளிடம் ஒரு படியும் கொடுத்துவையுங்கள் என்றோம். கோவைக்கும் தஞ்சைக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டர். குளிர்பெட்டி வண்டியில் ஆறேழு மணி நேரம். அதற்கான செலவையும் ஒதுக்கிவைக்கலாம். புதிய இடத்திலிருந்து அருகிலுள்ள கோயில் எவ்வளவு தொலைவு, ஞாயிறு காலை வண்டி விடுவார்களா, நோயில் கிடப்பவருக்கு நற்கருணை கொண்டுவரும் குருவை உள்ளே விடுவார்களா என்பதையும் கேட்கச் சொன்னோம். அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மகனைப் பற்றி அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

தஞ்சை நகரிலேயே, மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அருகில், தரைத்தளத்தில் சிறு வீடொன்றை வாடகைக்கு எடுக்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தோம். ஊரைவிட்டு அரைமணிப் பேருந்துப் பயணம், நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சமையலுக்கும் இரவுத் துணைக்கும் ஆள் தேடி அலையவேண்டும் என்று அம்மையார் உடனே மறுத்தார். அலைபவர் அவர்தாமே! நம் யோசனை ஆண்களின் யோசனை என்று பிறகுதான் நமக்கு உறைத்தது.

இப்போது படுக்கை நோயாளர் பகுதியுள்ள வேறோரிடத்தை அம்மையாரே விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். பிள்ளைகளிடம் முன்பணம் எதுவும் கட்டவேண்டாம் என்று சொல்லியாயிற்று. அங்கும் ஒரு மாதம் தங்கிப் பார்க்கப் போகின்றனர். தை, மாசியில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். அடைமழையில் போங்கள், கூரை ஒழுகுகிறதா, மின்சாரம் நின்றால் மின்தூக்கி ஓடுகிறதா, இரவில் மணியடித்தால் யார் வருகிறார் என்று பாருங்கள் என்று சொல்லியனுப்பினோம். சம்பா நடவு முடிந்த பின்பே இரயிலேறுவது என்பது ஆசிரியர் விதித்த நிபந்தனை. கிறிஸ்து பிறப்புக்கு முன் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அம்மையாருடையது. விரால் மீனுக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டாராம்.