சோலார் விளக்கு கொடுத்தாச்சு... பேட்டரி செத்தா யார் மாத்துறது?

லிங்க்டுஇன் பக்கம் போனால் இந்த போட்டோ கண்ணில் படாமல் இருக்காது. கூரை வீட்டு வாசல், கையில் சோலார் விளக்கோடு ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு, பின்னால் கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட்டில் சிரிக்கும் ஏழெட்டுப் பேர். கீழே 'ஒரு கிராமத்துக்கே வெளிச்சம் தந்தோம்' என்று ஒரு வரி. நீங்கள் ஐ.டி கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் அந்த டி-ஷர்ட்டில் ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கலாம். ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டு நகர்ந்துடுவோம். நல்ல காரியம்தானே, குறை சொல்ல என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணுதான். நாலு வருஷம் கழித்து அந்த விளக்கு எரியுதான்னு யாரும் ஒரு போட்டோ போடுறதில்லை.

அதென்ன நாலு வருஷக் கணக்கு? சோலார் பேனலுக்கும் அதோடு வரும் பேட்டரிக்கும் ஆயுள் ஒன்றல்ல. பேனலில் ஓடித் தேயுற பாகம் எதுவும் கிடையாது. 25 வருஷம் வரை வாரன்ட்டி கொடுக்கிறார்கள். அவ்வப்போது தூசி துடைத்தால் போதும். பேட்டரி கதை வேறு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி அலுத்துப் போனவர்களுக்கு இது தெரியும். கிராமங்களில் அதிகம் வைக்கப்படும் லெட்-ஆசிட் பேட்டரி மூணு முதல் அஞ்சு வருஷம் தாங்கும். தினமும் கடைசிச் சொட்டு சார்ஜ் வரை உறிஞ்சினாலோ, தண்ணீர் ஊத்த மறந்தாலோ அதுக்கும் முன்னாடியே படுத்துடும். லித்தியம் பேட்டரி இன்னும் நாள் உழைக்கும், ஆனா விலை கூட. ஆக, 25 வருஷம் ஓட வேண்டிய ஒரு அமைப்பு நாலாவது வருஷத்தில் ஒரு பேட்டரிக்காகக் காத்து நிற்கிறது. அதை வாங்குற காசு யார் பையிலிருந்து வரும்?

கொஞ்சம் சட்டம் பேசலாம். போரடிக்காது, சத்தியமா! 2013-ம் வருட கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய். இந்த மூன்று கோடுகளில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நாம் சி.எஸ்.ஆர் என்று சொல்வது இதைத்தான். அதாவது, போட்டோவில் 'அன்பளிப்பு' என்று தெரிவது, பெரிய கம்பெனிகளைப் பொறுத்தவரை சட்டக் கடமையும்கூட.

2021-ல் விதிகள் இறுகின. தொடரும் திட்டம் என்றால், ஆரம்பித்த நிதியாண்டு போக அதிகபட்சம் மூன்று வருஷம்தான். அப்படி நீளாத திட்டங்களில் மிச்சமாகும் பணத்தை, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அரசு சொல்லும் நிதிகளில் கட்டிவிட வேண்டும். மார்ச் நெருங்கும்போது சி.எஸ்.ஆர் டீமுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சீக்கிரம் வாங்க முடியணும், எண்ணிச் சொல்ல முடியணும், போட்டோவில் அழகா விழணும். சோலார் விளக்கு இந்த மூணுக்கும் பொருந்துது. கிணறு தூர்வாருவதற்கோ, ஆசிரியருக்குப் பயிற்சி தருவதற்கோ இந்த வசதி இல்லை.

இன்னொரு விதி பலருக்கும் தெரியாது. சி.எஸ்.ஆர் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்த தொண்டு அமைப்பு, பயனாளிகளின் சுய உதவிக்குழு, அரசு அமைப்பு என்று யாராவது ஒருவர் பெயரில்தான் இருக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். இல்லாவிட்டால் சி.எஸ்.ஆர் பெயரில் கட்டடம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் விளைவைப் பாருங்க. மூணு சொச்ச வருஷத்தில் கம்பெனியின் திட்டம் சட்டப்படி முடிகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில் பேட்டரியும் கண்ணை மூடுகிறது. அப்போது பில் யார் பெயரில் வரும்? அந்தச் சுய உதவிக்குழுவின் பெயரில்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2013-ல் ஜப்பானின் பானசோனிக், ஒரு லட்சம் சோலார் விளக்குகளை மின்சாரம் இல்லாத ஊர்களுக்குத் தருவதாக அறிவித்தது. கம்பெனியின் 100-வது ஆண்டான 2018 அதற்குக் கெடு. சொன்னபடி செய்தார்கள். 30 நாடுகளில் 1,02,716 விளக்குகள். சீமெண்ணெய்ப் புகையில் கண் எரியப் படித்த பிள்ளைக்கு அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்த எண்ணைத் தொட்டதும் அதே பானசோனிக் பாதையை மாற்றியது. 2018-ல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் மின்சாரத்தோடு பயிற்சியும், வருமானத்துக்கு வழியும் சேர்ந்தே வந்தன. விளக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது என்பது கொடுத்தவர்களுக்கே புரிந்திருக்க வேண்டும்.

சரி, விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் வாழ்க்கை மாறிடுமா? உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். முடிவு 2017-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்தது. சிறிய சோலார் கிரிட் வந்த பிறகு கள்ளச்சந்தை சீமெண்ணெய்க்கு ஆகும் செலவு மாதம் சுமார் 50 ரூபாய் குறைந்தது. ஆனால் சேமிப்பு, புதுத் தொழில், பிள்ளைகள் படிக்கும் நேரம் இவற்றில் சொல்லும்படியான மாற்றம் தென்படவில்லை. சி.எஸ்.ஆர் வீடியோவின் கடைசி ஷாட்டில், விளக்கடியில் ஒரு குழந்தை புத்தகம் விரிக்குமே... அந்த ஷாட்தான் இங்கே அடிபடுகிறது. ரெண்டு பல்பும் ஒரு செல்போன் சார்ஜரும் மட்டும் ஓடுகிற மின்சாரத்திடம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நம்ம தப்புன்னுதான் எனக்குத் தோணுது.

கிராமத்து மக்களுக்கும் இது தெரியும். பீகாரின் ஜஹானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்று ஒரு கிராமம். முப்பது வருஷமாக அங்கே கரன்ட் இல்லை. 2014 ஜூலையில் க்ரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சோலார் கிரிட் அமைத்தது. கொடுத்தது கம்பெனி இல்லை, தொண்டு அமைப்பு. ஆனால் பாடம் பொது. 450 வீடுகள், தெருவிளக்குகள், பள்ளி எல்லாவற்றுக்கும் வெளிச்சம். நாடே பேசியது. அடுத்த மாதம் நிதிஷ் குமார் பார்க்க வந்தபோது ஊர்க்காரர்கள் கேட்டது என்ன தெரியுமா? 'எங்களுக்கு அசல் கரன்ட் வேணும்!' டி.வி, ஃபிரிட்ஜ் போட முடியாத, அரசு மின்சாரத்தைவிட விலை கூடிய கரன்ட்டை அவர்கள் அசல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. சீக்கிரமே அரசு லைன் வந்தது. சோலார் பேட்டரிகள் சில வருஷத்தில் ஓய்ந்தன, மாற்றுவார் இல்லை. 2021-ல் செய்தியாளர்கள் போனபோது அந்த மின் நிலையத்தில் மாடு கட்டியிருந்தார்கள். நன்றி கெட்ட ஜனங்கன்னு சொல்லிடாதீங்க. உங்க வீட்டுக்கு யாராவது 'ஃபிரிட்ஜ் மட்டும் போடாதீங்க'ன்னு ஒரு கனெக்‌ஷன் கொடுத்தா நீங்க என்ன சொல்வீங்க?

இதுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் ஹரிஷ் ஹண்டே. 1995-ல் தொடங்கிய செல்கோ நிறுவனத்துக்காரர், 2011-ல் மகசேசே விருது வாங்கியவர். அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றார். வாங்குபவருக்கு கிராம வங்கிகளில் கடன் ஏற்பாடு செய்தார், பக்கத்திலேயே சர்வீஸ் ஆட்களை வைத்தார். மாசம் 300 ரூபாய் என்றால் கஷ்டம், தினம் 10 ரூபாய் என்றால் கட்டிடுவேன் என்று ஒரு தெருவோர வியாபாரி தன்னிடம் சொன்னதைப் பல இடங்களில் அவர் பகிர்ந்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவருக்கு ரிப்பேர்காரரை அதட்டிக் கூப்பிடும் உரிமை இருக்கிறது. தானம் வாங்கியவருக்கு அது கிடையாது. அதுக்காக எல்லாத்தையும் வித்துடலாம்னு இல்லை. கடனுக்கே வழியில்லாத வீடுகள் உண்டு. அங்கே பேனலை இலவசமாகத் தரலாம், கூடவே ரெண்டாவது பேட்டரிக்கான பணத்தையும் குழுவின் கணக்கில் முதல் நாளே போட்டுவிடலாம். 500 வீட்டுக்குப் பதில் 300 வீட்டுக்குத்தான் தர முடியும். போட்டோவில் கூட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

உங்க ஆபீஸில் அடுத்த முறை 'வாலன்டியர் டே' மெயில் வந்தால், கண்டிப்பா போங்க. போகுமுன் சி.எஸ்.ஆர் டீமுக்கு ஒரு ரிப்ளை தட்டுங்க. பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரன்ட்டி, கெட்டுப்போனா ஊர்க்காரங்க எந்த நம்பருக்கு போன் பண்ணணும், பழைய பேட்டரி காயலாங்கடைக்குப் போகாமல் யார் எடுத்துக்குவாங்க, போன தடவை கொடுத்த ஊருக்கு இந்த வருஷம் யாராவது போனாங்களா. கேட்கத் தயக்கமா இருந்தா வேற வழியும் இருக்கு. போர்டு ஒப்புதல் தந்த சி.எஸ்.ஆர் திட்டங்களைக் கம்பெனி தன் வெப்சைட்டில் போட்டாக வேண்டும், ஆண்டறிக்கையிலும் தனி இணைப்பு இருக்கும். மொபைலிலேயே திறக்கலாம். அந்த பி.டி.எஃப்-ல் 'பேட்டரி' என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருதுன்னு தேடிப் பாருங்க.