துப்புரவு ஒப்பந்தங்கள்: அரசு மிச்சப்படுத்துவது யாருடைய கூலியை?

ஊத்துக்குளியில் வசிக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் தம் வழக்குக்காக நம்மிடம் கொண்டுவந்த ஆவணங்கள் யாவும் ஒரு துணிக்கடைப் பைக்குள் அடங்கிவிட்டன. அவற்றுள் மூன்று அடையாள அட்டைகள் இருந்தன. முதலாவதில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் பெயர்; இரண்டாவதில் ஆள் வழங்கும் முகமை ஒன்றின் பெயர்; மூன்றாவதில் வேறொரு நிறுவனத்தின் பெயர். பதினான்கு ஆண்டுகளாக அவர் கூட்டுவது அதே தெருக்களைத்தான். அள்ளுவது அதே பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டையும் அதே தேநீர்க் கடைகளின் காகிதக் கோப்பைகளையும்தான். உங்களை வேலைக்கு அமர்த்தியிருப்பது யார் என்று கேட்டோம். "மேஸ்திரிய மட்டுந்தானுங்க தெரியும்" என்றார். வழக்கு நிலுவையில் உள்ளதால் அவர் பெயரையும் அவர் பணிபுரியும் உள்ளாட்சியின் பெயரையும் இங்கே தவிர்க்கிறோம்.

இப்பெண்மணியின் உழைப்பு உள்ளாட்சியின் வரவுசெலவுக் கணக்கில் சம்பளம் என்னும் தலைப்பின்கீழ் வருவதில்லை. சாலைக்கு வாங்கும் ஜல்லியையும் தெருவிளக்குக்கு வாங்கும் பல்பையும் போல அதுவும் ஒரு கொள்முதல். நிதி மேலாண்மை, நிருவாகச் சீர்திருத்தம் ஆகிய பெருஞ்சொற்கள் தலைமைச் செயலகத்திலிருந்து புறப்பட்டு ஊத்துக்குளி போன்ற ஒரு பேரூராட்சியை அடையும்போது எடுக்கும் உருவம் பெரும்பாலும் இந்தத் தலைப்பு மாற்றம்தான்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்த இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பணியிடங்களை ஒப்பந்த முறையிலும் வெளிமுகமை வழியாகவும் நிரப்பும் வாய்ப்புகளை ஆராய்வதற்காக மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அரசாணை 115 அமைத்தது. அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சமூகநீதிக்கு இது குழிபறிக்கும் என்று கட்சிகளும் எதிர்த்தன. சில வாரங்களில் அக்குழுவின் ஆய்வு வரம்புகளை முதலமைச்சர் ரத்துசெய்தார். அதே அக்டோபரில் நகராட்சி நிருவாகத் துறை வெளியிட்ட 139, 152 ஆகிய அரசாணைகள் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் தூய்மைப் பணியை வெளிமுகமைக்கு விடும் பாதையை அகலமாக்கின. அவற்றைத் திரும்பப் பெறக் கோரித் துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடின. எழுத்தர் பணியிடத்துக்கு ஆபத்து என்றவுடன் சமூகநீதி பற்றி எழுந்த கவலை, தெருக்கூட்டும் பணியிடத்துக்கு ஏன் எழவில்லை? முன்னதில் பல சாதியினர் இருக்கின்றனர் என்பதைத் தவிர நமக்கு வேறு விடை தோன்றவில்லை.

இதை அதிகாரிகளின் தனிப்பட்ட தீயெண்ணமாக மட்டும் பார்ப்பது பிழை. நிதி வரும் குழாயே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதி ஆணையத்தின் உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கெனக் கட்டுண்டது. எஞ்சிய 40 விழுக்காடு கட்டற்றது. ஆனால் அதையும் சம்பளத்துக்கும் நிருவாகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு செயல் அலுவலரின் இருக்கையிலிருந்து இதைப் பாருங்கள். பத்துப் பேரை நிரந்தரமாக நியமித்தால் அவர்தம் சம்பளம், ஓய்வூதியம் ஆகியவை ஆண்டாண்டுக்கும் சொந்த வருவாயின் மீது ஏறி உட்காரும். அதே பத்துப் பேரை ஒப்பந்ததாரர் வழியாக எடுத்தால் அது ஆண்டுக்கொரு பட்டியல், தணிக்கையில் கேள்வியில்லை. குப்பை குறையவில்லை, கூட்டும் கைகளும் மாறவில்லை. பொறுப்பு மட்டும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது.

அரசிடம் பணமில்லை என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. 2021 ஆகஸ்டில் வெளியான வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடன்சுமையை விரித்துரைத்தது. சிறு பேரூராட்சிகளின் வரி வருவாயும் சொற்பமே. செலவைக் கட்டுப்படுத்துவது எந்த அரசுக்கும் கடமைதான். ஆயினும் துப்புரவுப் பணியில் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும். சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு அளித்தபோது, மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த தம் ஊதியம் 17,000 ரூபாய்க்கு அருகில் இறங்கிவிடும் என்று தொழிலாளர்கள் கூறினர். ஒருவருக்கு 6,000 என்றால், ஏறத்தாழ 2,000 பேருக்கு மாதம் 1.2 கோடி ரூபாய். ஒப்பந்தத்தில் வாகனம் உண்டு, மேலாண்மை உண்டு, நிறுவனத்தின் இலாபமும் உண்டு. இவை அனைத்தையும் கொடுத்த பிறகும் அரசுக்குச் செலவு குறைகிறது என்றால், குறைந்தது எது என்பதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

அப்போராட்டத்தின் முடிவை நாடே பார்த்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்திருந்தவர்களை ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல் துறை அப்புறப்படுத்தியது; உடனிருந்த வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் கைதாயினர். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலையுணவு, காப்பீடு, வீடு என்று நலத்திட்டங்களை அறிவித்தது. காலையுணவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வேலைக்கு இறங்குபவருக்கு அது பெரிது. ஆனால் கேட்டது பணி, கிடைத்தது உணவு. தனியார்மயத் தீர்மானத்தை ரத்துசெய்ய அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது. கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்குக் குறையாமல் வழங்கப்படுவதை உறுதிசெய்யுமாறு மட்டும் கூறியது.

நள்ளிரவு அகற்றலுக்கு ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிப்படையானதும் தொடர்ச்சியானதுமான பொதுப்பணியைச் செய்வோரின் முதுகில் ஏற்றி அரசு தன் வரவுசெலவைச் சரிக்கட்ட முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நிதி நெருக்கடி என்று சொல்லிவிட்டால் நியாயம் பற்றிய கேள்விகள் மறைந்துவிடா என்றும், அரசு அரசமைப்பின்படியான வேலையளிப்பவர் என்றும் நீதிமன்றம் கூறியது. 2006இன் உமாதேவி தீர்ப்பைக் காட்டியே இருபது ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர்களைத் திருப்பி அனுப்பிவந்த துறைகளுக்கு, 2024 டிசம்பரின் ஜக்கோ தீர்ப்பும் 2025இன் இத்தீர்ப்பும் முக்கியமான மறுமொழிகள். எனினும் இவை அரசே நேரடியாக வேலைவாங்கியவர்களின் வழக்குகள். இடையில் ஒப்பந்ததாரர் ஒருவர் நுழைந்துவிட்டால், அவர் வெறும் திரை என்பதைத் தொழிலாளரே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. மூன்று அடையாள அட்டைகளின் பயன் இதுதான்.

இப்போது 2025 நவம்பர் 21க்கு வருவோம். அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அமர்ந்தது. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. உடனே, கூட்டுதல், கழுவுதல், குப்பை அகற்றுதல் ஆகியன மையப் பணியாகா என்றும் சொல்கிறது. படிப்பவர் இத்துடன் நம்பிக்கையிழந்துவிடக் கூடாது. அந்நிறுவனமே அப்பணிக்காக அமைக்கப்படாதபோதுதான் இந்த விலக்கு பொருந்தும். பனியன் கம்பெனி துப்புரவுக்காக அமைக்கப்பட்டதன்று. உள்ளாட்சி எதற்காக அமைக்கப்பட்டது? அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிகளின் பணிகளுள் பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் திடக்கழிவு மேலாண்மையையும் வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது. ஊராட்சிகளுக்குரிய பதினோராம் அட்டவணையிலும் துப்புரவு உண்டு. ஆகவே பேரூராட்சிக்குத் துப்புரவே மையப் பணி என்பது நம் வாதம்.

இவ்வாதத்துக்குக் காலக்கெடு உண்டு. வழக்கமாகவே ஒப்பந்ததாரர் வழியாக நடந்துவரும் பணியென்றால் மையப் பணியிலும் ஒப்பந்தம் செல்லும் என்று அதே தொகுப்பு விதிவிலக்கு அளிக்கிறது. இன்று ஒரு மன்றம் நிறைவேற்றும் வெளிமுகமைத் தீர்மானம் இரண்டு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டால் அதுவே வழக்கமாகிவிடும். பின்பு வழக்கத்தையே சான்றாகக் காட்டுவார்கள்.

ஊத்துக்குளிக்கு இதைவிடப் பெரிய இடர் ஒன்று உள்ளது. பழைய சட்டம் இருபது ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை ஐம்பது. சென்னையில் ஒரு மண்டலத்திலேயே நூற்றுக்கணக்கானோர் உள்ளனர். அவர்களைச் சட்டம் கண்டுகொள்ளும். முப்பது, நாற்பது பேரை வைத்து நடக்கும் ஒரு சிறு பேரூராட்சியில் அவ்வத்தியாயமே பொருந்தாமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள ஊராட்சிகளைச் சொல்லவே வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிருவாகம் தனி அலுவலர்கள் வசம் சென்றது. கேள்வி கேட்க மன்றம்கூட இல்லாத இடத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாவது எளிது. ஆனால் ஒரே ஒப்பந்ததாரர் பல உள்ளாட்சிகளுக்கும் ஆள் அனுப்பினால், அவரிடமுள்ள மொத்த எண்ணிக்கையைக் கொண்டு ஐம்பதைத் தாண்டலாம். எனவே ஊத்துக்குளியின் தொழிலாளரும் குன்னத்தூரின் தொழிலாளரும் ஒரே பட்டியலில் வருவது சங்க ஒற்றுமைக்காக மட்டுமன்று, சட்டத்தின் வாசலைக் கடப்பதற்காகவும் தேவை.

வேலை நிரந்தரமாவதில் சாதிக்கு என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இம்மாவட்டமே விடை வைத்திருக்கிறது. 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தனர். அதிகாரிகள் அவரை இடமாற்றினர். எதிர்ப்பு எழுந்ததும் இடமாற்றம் ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் அரசின் பணியாளர். அவரை அகற்ற ஓர் ஆணை தேவைப்பட்டது. அந்த ஆணையை எதிர்த்துப் போராட முடிந்தது. அவரே ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்திருந்தால் ஒரு கைப்பேசி அழைப்பு போதும், நாளை முதல் வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருப்பார். ரத்துசெய்ய ஆணையே இருந்திராது.

இடஒதுக்கீடும் அவ்வாறே. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது; உட்பிரிவு செய்யும் மாநிலங்களின் அதிகாரத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு உறுதிசெய்தது. வெளிமுகமை நிறுவனத்தின் ஆளெடுப்புக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தாது. அங்கே அடிமட்ட வேலைக்கு மட்டும் நூறு விழுக்காடு எழுதப்படாத ஒதுக்கீடு நடக்கிறது, மேற்பார்வையாளர் நாற்காலி வரை அது நீள்வதில்லை. கழிவுநீர்த் தொட்டி, சாக்கடைப் பணியாளர் குறித்து 2024இல் ஒன்றிய அரசு திரட்டிய விவரங்களில், பதிவான ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரசு 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. பெயர் மாற்றுவதற்குச் செலவில்லை.

நம் பக்கத்திலிருந்தே வரும் மறுப்பு ஒன்றுக்கு விடையளித்தாக வேண்டும். பணி நிரந்தரம் என்பது குப்பை அள்ளுவோரைத் தொடர்ந்து அத்தொழிலிலேயே இருத்திவிடும் என்ற பொருளில் 2025 ஆகஸ்டில் தொல். திருமாவளவன் பேசினார். சாதித் தொழிலிலிருந்து வெளியேறுவதே அம்பேத்கரியரின் இலக்கு. அதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் வெளியேறும் வழி எது? கூலி குறைந்து, பி.எஃப். இன்றி, ஆண்டுக்கொரு முதலாளியிடம் கைமாறும் தாயின் மகள் கல்லூரிக்குப் போவதா, மாதம் பிறந்ததும் சம்பளம் வரும் தாயின் மகள் போவதா? கொங்குப் பகுதியில் நம்முடன் சட்டம் படித்த அருந்ததியர் தோழர்கள் பலரின் வீட்டில் நகராட்சியின் நிரந்தரச் சம்பளம் ஒன்று இருந்தது. சாதி இழிவை ஒழிக்க வேண்டும் என்றவரே 1930களில் பம்பாய் நகராட்சித் தொழிலாளர்க்குச் சங்கமும் அமைத்தார். இரண்டையும் அவர் முரணாகக் காணவில்லை. நிரந்தரம் வேண்டாம் என்ற முடிவால் அப்பணி மறையாது. ஒப்பந்ததாரரிடம் போகும், அதே சேரியிலிருந்து ஆள் எடுக்கப்படும்.

தனியார் வந்தால் ஊராவது தூய்மையாகிறதா? குப்பை அள்ளும் பணி தனியாரிடம் உள்ள திருப்பூர் மாநகராட்சியில், அள்ளிய குப்பையைக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து முதலிபாளையம், இடுவாய் மக்கள் 2025இல் தெருவில் இறங்கினர். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரம் இது. அவ்வருவாய் விட்டுச்செல்லும் கழிவை அகற்றும் செலவில் சிக்கனம் வேண்டுமென்றால் முதலில் கை நீள வேண்டிய பக்கம் துடைப்பம் பிடித்தவரின் கூலி அன்று.

இவ்வட்டாரத்துக் கல்லூரி மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் தத்தம் உள்ளாட்சியிடம் கேட்கக்கூடியவை உள்ளன: வெளிமுகமைக்கு விட்ட மன்றத் தீர்மானத்தின் நகல், ஒப்பந்தத்தில் ஓர் ஆளுக்குக் கணக்கிடப்பட்ட நாட்கூலி, அதற்கு முந்தைய ஐந்தாண்டு வருகைப் பதிவேடு, செலுத்தப்பட்ட பி.எஃப். இரசீதுகள். உள்ளாட்சித் தூய்மைப் பணிக்கு 2017இல் தொழிலாளர் துறை வெளியிட்ட குறைந்தபட்ச ஊதிய அரசாணை (2டி) எண் 62ஐ அருகில் வைத்து, ஒப்பந்தத்தில் எழுதிய கூலியையும் தொழிலாளர் கையில் சேர்ந்த தொகையையும் ஒப்பிட்டாலே பல வழக்குகளுக்கு அடிப்படை கிடைத்துவிடும். ஒப்பந்ததாரர் கூலி தராவிடில் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்னும் பொறுப்பு பழைய சட்டத்தைப் போலவே புதிய தொகுப்பிலும் நீடிக்கிறது.

மூன்று அட்டைகள் கொண்ட அந்தப் பெண்மணியின் வழக்கில் நாம் முதலில் கேட்டிருப்பதும் வருகைப் பதிவேட்டைத்தான். சென்ற வாரம் அவர் மீண்டும் வந்திருந்தார். ஒப்பந்தம் மாறுகிறதாம், நான்காவது அட்டைக்குப் படம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. பழைய மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்றோம்.