புல்லட்: ஓசை போனதா, பழக்கம் போனதா?

ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மரபு எது, மாற்றம் எது, மாறிய பின் எஞ்சுவது அதே பொருள்தானா என்னும் கேள்விகளை யாப்பிலும் எழுத்திலும் உரைநடையிலும் வைத்து விவாதித்துப் பழகியவர்கள் நாம். ஏறக்குறைய அதே சினத்தோடும் அதே ஏக்கத்தோடும் இக்கேள்விகள் ராயல் என்ஃபீல்டு வண்டி ஓட்டுவோரிடையேயும் சில ஆண்டுகளாக எழுந்தவண்ணம் உள்ளன. அவ்வழக்கில் இரு தரப்பாருமே முதன்மையான ஒன்றைக் காணத் தவறுகிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதால் இங்கே சிலவற்றைச் சொல்ல முற்படுகிறோம்.

நிகழ்ந்தது என்ன என்பதை முதலில் சுருங்கச் சொல்லிவிடலாம். 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நிறுவனம் தன் 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் தண்டர்பேர்டின் இடத்தில் மீட்டியார் 350 வந்தது. அதில் எஞ்சின் புதிது, சேஸிஸும் புதிது. அதே எஞ்சினோடு 2021 செப்டம்பரில் கிளாசிக் 350, 2022 ஆகஸ்டில் ஹன்டர் 350, 2023 செப்டம்பரில் புல்லட் 350 என்று வரிசையாக வெளிவந்தன. மூன்றே ஆண்டுகளில் 350 சிசி வண்டிகளின் குடும்பம் முழுவதும் மாறிப்போயிற்று. பழைய எஞ்சின் 346 சிசி, புதியது 349 சிசி. எண்ணளவில் வேறுபாடு மூன்றுதான். உள்ளேயோ, வால்வுகளைத் தள்ளித் திறந்த புஷ்ராடுகள் போய்க் கேம் தண்டு சிலிண்டரின் தலைமேல் ஏறிவிட்டது. அதிர்வை ஈடுசெய்ய ஒரு சமன்தண்டு சேர்ந்தது. காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் அறவே நீங்கியது.

இதற்குக் கிடைத்த வரவேற்பு ஒருபடித்தாக இல்லை. ஒரு சாரார் மகிழ்ந்தார்கள். நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டினாலும் கைப்பிடி நடுங்குவதில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி லாரியாகவே தெரிகிறது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிறது. நாள் முழுதும் ஓட்டி இறங்கினாலும் விரல்கள் மரத்துப்போவதில்லை என்றார்கள். 195 கிலோ கிளாசிக்கை உருட்டத் தயங்கியவர்கள் 181 கிலோ ஹன்டரை விரும்பி வாங்கினார்கள். மறுசாராரோ துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போலப் பேசினார்கள். அந்த ஓசை இல்லை என்பது அவர்களது முதற் குறை. ஒரே எஞ்சினுக்கு நான்கு சட்டை தைத்து நான்கு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. கிக்கர் இல்லாத புல்லட் புல்லட்டே அன்று என்பது மூன்றாவது. இவ்விரு சாராருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் உண்டு. புதிய வண்டியை வாங்கி, அதன் மென்மையில் மகிழ்ந்து, மறுவாரமே சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பழைய ஓசையைச் செயற்கையாக வரவழைத்துக்கொள்பவர் அவர். அத்தகைய சைலன்சர்களைக் காவல்துறையினர் கைப்பற்றி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய செய்திகளைப் பல நகரங்களிலிருந்து நாளிதழ்களில் படித்திருக்கிறோம்.

இந்தப் பூசல் புதிதன்று. 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளில், வார்ப்பிரும்பு எஞ்சினைக் கைவிட்டு, எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒரே கூட்டில் அடக்கிய வடிவத்துக்கு நிறுவனம் மாறியபோதும் இதே ஒப்பாரி எழுந்தது. இன்று எந்த எஞ்சினின் ஓசை போய்விட்டதென்று வருந்துகிறார்களோ, அதே எஞ்சினைத்தான் அன்று ஓசையற்ற போலி என்று தூற்றினார்கள். அதற்கும் முன்பு, 2000க்குப் பின் வந்த வண்டிகளில் கியர் படிப்படியாக வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறியது. அப்போது பழைய ஓட்டுநர்களுக்கு உலகமே கவிழ்ந்ததுபோல் ஆயிற்று. கியர் என்று நினைத்துப் பிரேக்கையும், பிரேக் என்று நினைத்துக் கியரையும் மிதித்தவர்கள் பலர். பிரிட்டனின் வண்டிகளும் இதே கண்டத்தைக் கடந்து வந்தவைதாம். கியர் இடப்பக்கமே இருக்கவேண்டும் என்று 1974இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி கூறியபோது, வலக்கால் கியருக்குப் பேர்போன ட்ரையம்ஃபும் நார்ட்டனும் தம் வண்டிகளை மாற்றியமைக்க நேர்ந்தது.

ஆகவே 'அசல் புல்லட்' எது என்று தேடிப்போவது அவ்வளவு எளிதன்று. புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் 1932இல் வைக்கப்பட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது; சில ஆண்டுகளில் தாய் நிறுவனமே இல்லாமற் போயிற்று. இங்கேயோ அந்த ஐம்பதுகளின் வண்டி ஏறக்குறைய அப்படியே ஐம்பதாண்டுக் காலம் தயாராகிக்கொண்டிருந்தது. 1977இல் அது பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. மகன் வீட்டிலிருந்து தந்தை வீட்டுக்குச் சீர் போனது போன்ற நிகழ்ச்சி அது.

ஆனால் அவ்வளவு காலம் மாறாதிருந்தது மரபின்மீது கொண்ட பக்தியால் என்று சொல்லிவிட முடியாது. போட்டி குறைந்த, உரிமங்களால் வேலியிடப்பட்ட சந்தையில் மாறவேண்டிய கட்டாயம் எழவில்லை என்பதே பெரிய காரணம் என்று கருதுகிறோம். தேக்கத்தைத்தான் நாம் பின்னாளில் மரபு என்று பெயரிட்டு வணங்கினோம். அந்த வணக்கம் நிறுவனத்தைக் காப்பாற்றவுமில்லை. 2000இல் மாதம் இரண்டாயிரம் வண்டிகள் விற்பதே பெரும்பாடாக இருந்தது. ஐஷர் குழுமம் அதை மூடிவிடலாமா என்றுகூட எண்ணியது. 2024-25 நிதியாண்டில் விற்பனை பத்து லட்சத்தைக் கடந்தது. மாறியிராவிட்டால் இன்று குறைகூறவும் வண்டி இருந்திராது. ஏக்கத்தோடு பேசுபவர்கள் இந்த உண்மையை எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் அவர்களுடைய வருத்தம் வெறும் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மையன்று. அவர்கள் ஓசையைச் சொல்லி வருந்துகிறார்கள். உண்மையில் இழந்தது ஓசையை அன்று என்பது நம் எண்ணம். ஓசை விற்பனைச் சரக்காகி நெடுநாளாயிற்று. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சின் ஓசையையே வணிகக்குறியாகப் பதிவு செய்துகொள்ள 1994இல் விண்ணப்பித்து, போட்டியாளர்களின் எதிர்ப்பால் இழுபட்டு, 2000இல் கைவிட்டது. ஓசை நிறுவனத்துக்குச் சொந்தமாகலாம், ஆகாமலும் போகலாம். ஓட்டுபவனுக்குச் சொந்தமாயிருந்தது வேறொன்று. அது அவன் கற்ற வித்தை.

வார்ப்பிரும்பு புல்லட்டைக் கிளப்புவதை நினைத்துப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தி, எதிர்ப்பு எங்கே தட்டுகிறது என்று பாதத்தால் உணரவேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்புகிறதா என்று கண் பார்க்கவேண்டும். இடக்கை டீகம்ப்ரசர் பிடியை இழுக்க, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும்வரை கிக்கரை நகர்த்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின்பு தயக்கமில்லாமல் ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடக்கும். முறை அறிந்தவருக்கு, ஐம்பது கிலோ எடையுள்ளவராயினும், ஒரே உதையில் வண்டி கிளம்பும். வலிமைக்கு அங்கே இடமில்லை, அறிவுக்கே இடம். தந்தை மகனுக்கும், அண்ணன் தம்பிக்கும், மெக்கானிக் தன் கடைப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்த அறிவு அது. பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் வண்டியில் அந்த அறிவுக்கு வேலையில்லை. தன் உடம்பில் இருபதாண்டுகளாகச் சேர்த்துவைத்த ஒன்று ஒரே நாளில் செல்லாக்காசானதைக் காண்பவனின் வருத்தம்தான் 'ஓசை போச்சு' என்ற சொற்களில் வெளிப்படுகிறது. தான் இழந்ததற்கு வேறு பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது அயலான அனுபவம் அன்று. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதலே தம் இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. லை, னை, ணா, றா போன்ற எழுத்துகள் வரிவடிவம் மாறின. யானைத் துதிக்கை போல் வளைந்த ஐகாரக் கொம்பை எழுதிப் பழகிய கைகளுக்கு அதுவும் இழப்பாகவே இருந்தது. நமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் பலர் பணி ஓய்வு பெறும்வரை கரும்பலகையில் பழைய வடிவத்தையே எழுதினார்கள். ஆயினும் அந்த மாற்றம் ஒன்றைக் கெடுக்கவில்லை. புதிய எழுத்தில் படித்த பிள்ளை பழைய நூலைக் கையில் எடுத்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது. பழைய எழுத்தில் படித்தவருக்குப் புதிய நூலும் அவ்வாறே. எழுத்து மாறியது; வாசிக்கும் உரிமை யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. மாற்றத்தை அளக்க நல்ல அளவுகோல் இதுவே என்று நினைக்கிறோம். மாறிய பொருள் அழகாயிருக்கிறதா, பழையதைப் போல் ஒலிக்கிறதா என்பவற்றைக் காட்டிலும், அது இன்னும் வாசிக்கத் தக்கதாக இருக்கிறதா என்று கேட்பது பயனுடையது.

புதிய வண்டிகளை இந்த அளவுகோலால் அளந்தால் என்ன தெரிகிறது? வார்ப்பிரும்பு வண்டி ஒழுகும், மக்கர் செய்யும், நட்டுகள் கழன்று விழும். ஆனால் மரத்தடியில் ஒரு ஸ்பேனர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கால் அதை முழுதும் வாசிக்க முடிந்தது.  பாயிண்ட் திறக்கும் கணத்தைச் சிகரெட் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்த்தே கணித்தார்கள். இன்றைய வண்டியில் எரிபொருளை அளந்து செலுத்துவது ஒரு சிறு கணினி. கோளாறு என்ன என்பதை அது தன்னுள் குறித்து வைத்துக்கொள்கிறது. அதைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். கருவி இல்லாதவர் எவ்வளவு அனுபவசாலியாயினும் அந்த வண்டியின் முன் எழுத்தறியாதவர் ஆகிவிடுகிறார்.

இது ஒரு நிறுவனத்தின் குற்றமன்று. புகை விதிகள் கடுமையாகும்போது கார்புரேட்டர் போய்த்தான் ஆகவேண்டும். அவ்விதிகள் நம் குழந்தைகளின் நுரையீரலுக்காக வந்தவை. ஏபிஎஸ் பிரேக் உயிர்களைக் காக்கிறது. இவற்றைத் திரும்பப் பெறும்படி கேட்பவர்கள் நாமல்லோம். ஆனால் தூய்மையான எஞ்சின் மூடிய எஞ்சினாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் வாகனமும் ஒன்று. பழுதுநூல்களும் உதிரிப் பாகங்களும் கோளாறு காட்டும் கருவிகளும் நிறுவனத்தின் சொந்தப் பட்டறைக்கு வெளியிலும் கிடைக்கவேண்டும் என்பதே இத்தகைய உரிமையின் சாரம். வண்டிப் பிரியர்கள் சைலன்சருக்காகச் செலவிடும் ஆவேசத்தில் கால்பங்கை இதற்குச் செலவிட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

நிறுவனம் செய்ததை நாம் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம். பழைய வண்டியின் தோற்றத்தை அது பொறுப்போடு காத்திருக்கிறது. கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் டேங்க் அப்படியே இருக்கிறது. தங்கக் கோடுகளைக் கையால் தீட்டும் கலையும் அழியவில்லை. உள்ளடக்கத்தைப் புதுக்கியதும் சரியே. தோற்றத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவே ஒன்று விடுபட்டுப்போயிற்று: ஓட்டுபவனும் மெக்கானிக்கும் அந்த வண்டியோடு கொண்டிருந்த உறவு. பழைய தோற்றத்தைக் காட்டி விற்கும்போது அந்த உறவையும் சேர்த்தே விற்பதாக வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்தான் அது பெட்டிக்குள் இல்லை என்பது தெரிகிறது.

பழையது கழிவதையும் புதியது புகுவதையும் நன்னூலார் குற்றமென்று கொள்ளவில்லை, நாமும் கொள்ளவேண்டியதில்லை. கியர் எந்தக் காலில் இருந்தால் என்ன, ஓர் ஆண்டில் கால் பழகிவிடும். ஓசையும் அப்படியே, இன்றைய மெல்லிய ஓசைக்காக ஏங்கப்போகும் ஒரு தலைமுறை, மின்சார வண்டிகளின் காலத்தில் நிச்சயம் வரும். ஆனால் தன் பொருளைத் தானே திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் ஒருமுறை கைவிட்டுப் போனால், அடுத்த தலைமுறைக்கு அப்படியொரு பழக்கம் இருந்ததே தெரியாது. தெரியாததற்காக யாரும் ஏங்கவும் மாட்டார்கள். வழக்காட வேண்டியது அதற்காகத்தான்.