லிமோனில் இறங்குவோர் தொலைவைத் தேட வேண்டாம்

கோஸ்டாரிகாவின் கரீபியக் கரையில் இருக்கும் லிமோன் துறைமுகத்துக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சொகுசுக் கப்பல்களின் பருவம். பல கப்பல்கள் ஃப்ளோரிடாவில் புறப்பட்டுப் பனாமா கால்வாய்ப் பக்கம் போய்த் திரும்புபவை. காலையில் கரை சேர்ந்து மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் கிடைக்கும் எட்டு ஒன்பது மணி நேரத்தில் பயணி எங்கே போகலாம் என்பதைக் கப்பல் நிறுவனம் பல வாரங்களுக்கு முன்பே ஒரு பட்டியலாகக் கொடுத்து விற்றுவிடுகிறது. மழைக்காடு, கால்வாய்ப் படகு, வாழைத்தோட்டம், ஸ்லாத் என்னும் மரவிலங்கின் காப்பகம், கம்பிவடத்தில் தொங்கிப் பறத்தல், தலைநகர் சான் ஹோசே என்று பட்டியல் நீளமானது. அதில் எதைத் தேர்வது என்பது பயணியின் சொந்த விருப்பம் என்றே பேசப்படுகிறது. ஆனால் அந்தத் தேர்வு ஒரு காட்டையும், அங்கே வாழும் விலங்குகளையும், நாட்டின் பின்தங்கிய மாகாணம் ஒன்றின் வருமானத்தையும் தொடுகிறது. லிமோனில் இறங்குவோர் அருகில் இருப்பதை, அவ்வூர் மக்களே நடத்துவதை, விலங்கைத் தொடாமல் பார்க்க வைப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்வதற்குத் தேவையான விவரங்களை மறைக்காமல் தருவது கப்பல் நிறுவனங்களின் கடமை.

முதலில் நேரக் கணக்கு. கப்பல் காலை ஏழு மணிக்குக் கட்டி மாலை நான்கு மணிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். இறங்கும் வரிசைக்கு ஒரு மணி நேரம் போகும். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். எஞ்சுவது ஏழு மணி நேரம் சொச்சம். சான் ஹோசே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவு. அங்கே போகும் 32-ஆம் எண் நெடுஞ்சாலை பிரவ்லியோ கரியோ தேசியப் பூங்காவின் மலைகளைக் குடைந்தும் வளைந்தும் செல்கிறது. கனமழை பெய்தால் மண்சரிவில் அந்தச் சாலை மூடப்படுவது அங்கே வாடிக்கை. லிமோனுக்குப் பக்கத்தில் மோயினில் 2019-இல் புதிய சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்ட பிறகு, பெட்டக லாரிகளின் நெரிசலும் இதே சாலையில்தான். தடை ஏதும் இல்லாத நாளிலேயே போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். தலைநகரில் நிற்கக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஒரு நாட்டைப் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்குப் பணம் வாங்குவது நியாயமான வணிகம் ஆகாது. இந்தச் சுற்றுலாவை லிமோன் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும்.

கால்வாய்ப் படகுச் சுற்றுலாவில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அது பெரும்பாலும் ‘தோர்துகேரோ கால்வாய்கள்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. தோர்துகேரோ தேசியப் பூங்கா லிமோனுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மோயினிலிருந்து படகில் போனால் அங்கே சேரவே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். எனவே கப்பல் பயணிகள் பார்ப்பது தேசியப் பூங்காவை அல்ல. இயற்கையான காயல்களையும் ஆறுகளையும் இணைத்து வெட்டப்பட்ட அந்த நீர்வழியின் தென்முனையை, மோயின் பக்கத்தில் இருக்கும் சில கிலோமீட்டரை மட்டுமே அவர்கள் பார்க்கிறார்கள். அதுவும் நல்ல இடம்தான். கரையோர மரங்களில் ஊளைக்குரங்கு, இலைப்பச்சைப் பேரோணான், நீரில் கெய்மன் முதலை, கொம்பில் டூக்கான் பறவை என்று இரண்டு மணி நேரத்தில் நிறையக் காணக் கிடைக்கும். ஆனால் தோர்துகேரோ என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது ஆமைகளால். அமெரிக்க உயிரியலாளர் ஆர்ச்சி கார் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த கடற்கரை அது. பேராமைகள் அங்கே முட்டையிடுவது ஜூலை முதல் அக்டோபர் வரை, அதுவும் இரவில். கப்பல் பருவமோ ஆமைப் பருவம் முடியும்போது தொடங்குகிறது. மாலையிலேயே கப்பல் கிளம்பிவிடும். ஆகவே பகல் சுற்றுலாவின் விளம்பரத்தில் ஆமைப் படம் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. போகும் இடத்தின் உண்மையான பெயரைப் போட்டு விற்றால் மோயின் கால்வாய்க்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தெற்கே போகும் 36-ஆம் எண் சாலையில் நிலைமை வேறு. கடலை ஒட்டிய அந்தச் சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் கவீட்டா இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். 1970-இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டு 1978-இல் தேசியப் பூங்கா ஆன இடம் இது. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் கடல், நடுவே கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை. ஏற்றம் இறக்கம் இல்லாததால் முதியவர்களும் குழந்தைகளும் முடிந்த தூரம் போய்த் திரும்பிவிடலாம். வெள்ளைமுகக் குரங்குகளும் ஸ்லாத்களும் பாதையோர மரங்களிலேயே தென்படும்.

கவீட்டாவைப் பரிந்துரைக்க அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1994-இல் கோஸ்டாரிகா அரசு தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டாருக்கான நுழைவுக் கட்டணத்தை ஒரேயடியாக 15 டாலராக உயர்த்தியது. பயணிகள் வராமல் போனால் ஊரின் பிழைப்பே போய்விடும் என்று கண்ட கவீட்டா மக்கள் நுழைவாயிலைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். கட்டணம் வேண்டாம், விரும்பியதைக் கொடுத்தால் போதும் என்றார்கள். மோதலாகத் தொடங்கிய அது பேச்சுவார்த்தையாகி, அரசும் ஊராரும் சேர்ந்து பூங்காவை நடத்தும் ஏற்பாட்டில் முடிந்தது. ஊர்ப் பக்கத்து வாயிலில் நன்கொடை முறை அப்படி வந்ததுதான். ஒரு தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் அதன் வாசலில் வாழும் மக்களுக்கு உண்மையான பங்கு கிடைத்த அரிய இடம் இது. அங்கே பயணி உண்டியலில் போடும் பணமும் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியும் எங்கே போகின்றன என்று தேட வேண்டியதில்லை.

கவீட்டாவின் பவளப்பாறைகளைப் பார்க்க விரும்புவோர் மட்டும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1991 ஏப்ரல் 22-இல் லிமோனை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் இந்தக் கரையைச் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்த்தியது. பவளப்பாறையின் மேற்பகுதி நீருக்கு வெளியே வந்து மடிந்தது. வாழைத்தோட்டங்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வரும் வண்டல் மீதியையும் வருத்துகிறது. கரீபியக் கரையின் மழை நாட்டின் பசிபிக் பக்கத்து மழையைப் போன்றதல்ல. டிசம்பரில் இங்கே கனமழை, கடலும் கலங்கல். அந்த மாதத்தில் வரும் கப்பலில் பவளப்பாறை நீச்சலை முன்கூட்டியே விற்பது பயணியின் அறியாமையை வைத்துச் செய்யும் வியாபாரம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் தெளிய வாய்ப்பு அதிகம். எந்த மாதமானாலும் பூங்காவின் கடலுக்குள் உள்ளூர் வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும். அந்த விதி பவளத்தையும் காக்கிறது, ஊராருக்கு வேலையும் தருகிறது.

லிமோனுக்கு வருவோர் பலர் முதலில் கேட்பது ஸ்லாத்தை. மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி, இலை தின்று, வாரத்துக்கு ஒரு முறை கழிவுக்காக மட்டும் தரையிறங்கும் விலங்கு அது. இரு விரல், மூவிரல் என இரண்டு இனங்கள் இங்கே உண்டு. மூவிரல் ஸ்லாத்தின் முகக்கோடுகள் எப்போதும் சிரிப்பதுபோல் தோன்றும். அச்சம் வந்தால் அது ஓடாது, அசையாமல் இருந்துவிடும். இந்தச் சிரிப்பும் அசைவின்மையும் சேர்ந்து, கையில் எடுத்தவருக்கு அது மகிழ்ச்சியாக இருப்பதாகக் காட்டிவிடுகின்றன. 2019-இல் கோஸ்டாரிகா அரசு, காட்டு விலங்குகளைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதற்கு எதிராக ஓர் இயக்கத்தையே தொடங்கியது. 2021-இல் ஸ்லாத்தை நாட்டின் சின்னங்களில் ஒன்றாகவும் அறிவித்தது. இதே கடல்வழியில் இருக்கும் ஹோண்டுராஸின் ரொவாத்தான் தீவில் நிலைமை தலைகீழ். அந்தத் தீவில் இயற்கையாக வாழாத ஸ்லாத்தைப் பயணிகள் கைமாற்றிக் கைமாற்றி ஏந்திப் படம் எடுத்துக்கொள்வது அங்கே ஒரு சுற்றுலாவாகவே நடக்கிறது. ரொவாத்தானில் விற்பது லிமோனிலும் வேண்டும் என்று பயணிகள் கேட்கத் தொடங்கினால் கோஸ்டாரிகாவின் கட்டுப்பாடு நெடுநாள் நிற்காது. காயம்பட்ட விலங்குகளைத் தேற்றும் காப்பகங்கள் லிமோனுக்கும் தெற்கே உள்ள புவேர்த்தோ வியேஹோ ஊருக்கும் இடையில் உள்ளன. தொட விடாத காப்பகமே நல்ல காப்பகம். தூக்கிக் கொடுக்கும் இடத்துக்குப் பணம் கொடுக்கவே கூடாது.

வாழைத்தோட்டச் சுற்றுலாவை ஒதுக்க வேண்டியதில்லை. லிமோன் இன்றைய லிமோன் ஆனதே வாழையால். அமெரிக்க ஒப்பந்ததாரர் மைனர் கீத் சான் ஹோசேக்கும் லிமோனுக்கும் இடையே இட்ட இருப்புப்பாதை 1871-இல் தொடங்கி 1890-இல் முடிந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த தொழிலாளிகளும் சீனர்களும் இத்தாலியர்களும் காய்ச்சலிலும் சேற்றிலும் உழைத்து இட்ட பாதை. செலவை ஈடுகட்டப் பாதையோரம் வாழை நட்டார் கீத். அதிலிருந்து வளர்ந்ததே 1899-இல் உருவான யுனைட்டட் ஃப்ரூட் கம்பெனி. 1934-இல் இந்தத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தம் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றின் திருப்பம். பின்னாளில் நெமகான் என்ற புழுக்கொல்லியால் ஆயிரக்கணக்கான வாழைத் தொழிலாளர்கள் பிள்ளைப்பேற்றை இழந்தார்கள். பெட்டியில் காய் அடுக்குவதைக் காட்டி, ஒரு சீப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் சுற்றுலா இதில் எதையும் சொல்வதில்லை. முன்னாள் தோட்டத் தொழிலாளியோ அவர் பிள்ளையோ வழிகாட்டியாக வரும் சுற்றுலா இருந்தால் அதையே தேட வேண்டும். கேள்வி கேட்கும் பயணி வந்தால் பதில் சொல்லும் வழிகாட்டியும் வருவார்.

சுற்றுலாவே வாங்காமல் ஊரில் நடப்பதும் ஒரு தேர்வுதான். கப்பல் மேடைக்குப் பக்கத்திலேயே வார்காஸ் பூங்கா, சற்றுத் தள்ளி நகரச் சந்தை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் அவரைப்பயறும், மீனும் கிழங்கும் சேர்ந்த ரொன்டோன் குழம்பும் ஜமைக்கா வழி வந்தவர்களின் சமையல். அவர்களின் பேச்சில் இன்றும் ஆங்கிலத்தின் கரீபிய வடிவம் ஒலிக்கிறது. கறுப்பின மக்களின் தலைவர் மார்க்கஸ் கார்வி 1910-இல் இங்கே வாழைத்தோட்டத்தில் நேரக் கணக்கராக வேலை பார்த்தவர். அவர் தொடங்கிய இயக்கத்தின் லிமோன் கிளைக்கு 1922-இல் எழுந்த பிளாக் ஸ்டார் லைன் கட்டடம் 2016-இல் தீயில் அழிந்தது. ஜமைக்கா வழி வந்த இந்த மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமைக்கான வழி 1949-க்குப் பிறகே திறந்தது. இவ்வளவு வரலாறு நடந்து போகும் தொலைவில் இருக்க, ஊருக்குள் பார்க்க எதுவும் இல்லை என்று கப்பலிலேயே சொல்லிக் கொடுப்பது லிமோனுக்குச் செய்யும் அநீதி.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை எடுப்பவர்கள் சொல்லும் காரணம் வலுவானது: அதில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும். இது உண்மை. ஆனால் இந்த அச்சம் தொலைதூரச் சுற்றுலாவுக்கே பொருந்தும். 45 கிலோமீட்டரில் இருக்கும் கவீட்டாவுக்கு எட்டு மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புபவருக்கு இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறது. கப்பலின் கடிகாரம் உள்ளூர் நேரத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதை மட்டும் இறங்கும்போதே கவனிக்க வேண்டும். பாதுகாப்புக் கவலையும் பொய்யல்ல. போதைப்பொருள் கடத்தலால் லிமோன் மாகாணத்தில் கொலைகள் அதிகம். பகலில், கதவில் மஞ்சள் முக்கோணம் உள்ள சிவப்பு வாடகைக் காரில், அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் அடையாள அட்டை உள்ள வழிகாட்டியோடு, நகைகளைக் கப்பலிலேயே வைத்துவிட்டுப் போகும் பயணி அந்த ஆபத்திலிருந்து பெரிதும் விலகியே இருக்கிறார். நடக்க முடியாதவர்களும் சிறு குழந்தைகளோடு வருபவர்களும் கப்பல் ஏற்பாட்டையே எடுக்கலாம். அவர்களும் அதில் அருகில் இருப்பதையே எடுக்கட்டும்.

பணம் பற்றியும் பேச வேண்டும். கப்பலில் விற்கும் ஒவ்வொரு கரைச் சுற்றுலாவிலும் கணிசமான பங்கைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் எவ்வளவு போகிறது என்று பயணிக்குச் சொல்வதில்லை. தங்குவதும் உண்பதும் கப்பலிலேயே என்பதால் துறைமுக ஊருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றுலாப் பணம்தான். அதுவும் கப்பலுக்கே திரும்பினால் ஊருக்கு மிஞ்சுவது பேருந்துப் புகை.

கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொரு சுற்றுலாவின் விளம்பரத்திலும் நான்கு விவரங்களை அச்சிட வேண்டும்: போகும் இடத்தின் உண்மையான பெயர், வண்டியில் கழியும் நேரம், கட்டணத்தில் உள்ளூர் நடத்துநருக்குச் சேரும் பங்கு, விலங்கைத் தொட அனுமதி உண்டா இல்லையா என்பது. கேட்டுக்கொண்டால் அவை தாமாகச் செய்துவிடாது. எனவே லிமோனில் கப்பல் கட்ட அனுமதி தரும்போதே கோஸ்டாரிகா அரசு இதை நிபந்தனையாக்க வேண்டும். அடுத்த பருவம் அக்டோபரில் தொடங்குமுன் அதைச் செய்வது அரசால் முடிகிற காரியம்தான்.