நினைப்பு எங்கே இருக்கிறது?

பால் பொங்கி வழிந்தாலும், கணக்கில் ஒரு சைபர் விட்டுப்போனாலும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "நினைப்பு எங்கே இருக்கு?" பள்ளிகளுக்குள் வந்திருக்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிற்சி கேட்பதும் இதையேதான், அதட்டாமல். அந்த ஆங்கிலச் சொல்லே பாலி மொழியின் 'சதி'க்கு 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த மொழிபெயர்ப்பு. அப்படியே தமிழில் எழுதினால் விபரீதமாகிவிடும், மூலப்பொருள் 'நினைவு'.

தில்லி அரசு 2018 ஜூலையில் தன் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தை' தலாய் லாமாவை வைத்துத் தொடங்கியது. சில நிமிடக் கவனப் பயிற்சி, கதை, செயல்பாடு. பரீட்சை கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் நாலு வயதுக்கும் பதினாலு வயதுக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது.

ஐந்து வயதுக் குழந்தையிடம் 'மூச்சைக் கவனி' என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வையுங்கள். அது ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கும். இரண்டு நிமிடம் போதும். எட்டு, பத்து வயது காரணம் கேட்கும் வயது. 'கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது?' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பதின்வயதினர் விஷயம் வேறு. கண்ணை மூடினால் பக்கத்து பெஞ்சு சிரிக்குமோ என்ற கூச்சம். சிலருக்கு மூடிய கண்ணுக்குள் வீட்டுச் சண்டை வந்து நிற்கும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், நடக்கலாம், 'எனக்கு வேண்டாம்' என்றும் சொல்லலாம். மனம் கலங்கினால் பேச ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இது வெறும் ஊகமல்ல. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையான 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. வழக்கமான வகுப்புகளில் இருந்தவர்களைவிட, இந்தப் பயிற்சி பெற்றவர்களின் மனநலம் மேம்படவில்லை. வீட்டில் செய்யச் சொன்னதைப் பெரும்பாலோர் செய்யவே இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்காததைப் பாடவேளையில் திணித்துப் பயனில்லை.

அதற்காகப் பயிற்சியையே கைவிட வேண்டியதில்லை. கைகட்டி வாய்பொத்தி உட்காரும் பழைய தண்டனைக்கு அது புதுப்பெயர் ஆகிவிடக் கூடாது, அவ்வளவே. மணி அடிக்கும் முன் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்: என் நினைப்பு எங்கே இருக்கிறது? குழந்தையின் மேலா, வகுப்பின் அமைதி மேலா?